வத்தல் மண்டி சிஸ்டமும் ரெண்டு ஆன்டிவைரஸும்

போன மாசம் 19-ஆம் தேதி, சாயங்காலம் அஞ்சரை மணி இருக்கும். விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்குப் பார்க்கும் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, காலையிலிருந்து சிஸ்டம் ஏறவே மாட்டேங்குது. விண்டோஸ் படம் வருது, கீழ புள்ளி புள்ளியா சுத்துது, அப்புறம் தானா ஆஃப் ஆகி மறுபடி மொதல்ல இருந்து வருது. பக்கத்துல ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாகும்னு சொல்லிட்டாரு. அடிச்சிரலாமா?"

"வேண்டாம்க்கா. ஆஃப் பண்ணிட்டு அப்படியே வையுங்க. யாரையும் தொட விடாதீங்க. இந்தா வர்றேன்."

மறுநாள் 20. ஜிஎஸ்டி த்ரீபி, அதாவது மாசாமாசம் போடவேண்டிய வரிக் கணக்கு, ஃபைல் பண்ணக் கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டவேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த சிஸ்டத்தில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருந்த கணக்குக்குக் கடைசியாக பேக்கப் எடுத்தது ஏப்ரல் மாசம். டேலி பிரைமைப் போடும்போது யாரும் மாற்றிவைக்கவில்லை என்றால் அதன் டேட்டா சி டிரைவில், பப்ளிக் என்ற ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும். ஃபார்மேட் என்று சொன்னவர் அழிக்கப் பார்த்தது அந்த சி டிரைவைத்தான். இத்தனை மாசத்துக் கொள்முதல், விற்பனை, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் அதற்குள்ளே.

நான் இந்த சிஸ்டம் ரிப்பேர் வேலைக்கு வந்து 17 வருஷம் ஆகிறது. "ஏற மாட்டேங்குது" என்று வருகிற சிஸ்டங்களில் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஃபார்மேட் அடிக்கப்பட்டு, "போட்டோ எல்லாம் எப்படியாவது எடுத்துக் குடுங்கண்ணே" என்று கண் கலங்கி நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மண்டிக்குப் போனதும் முதலில் மெஷினைத் தொடவில்லை. "நேத்து கடைசியா இதுல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். என்னைப் பொறுத்தவரை பாதி ரிப்பேர் இந்தக் கேள்விதான். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். பழைய ஆன்டிவைரஸ் காலாவதியாகி, தினமும் சிவப்புக் கட்டம் காட்டித் தொந்தரவு செய்துகொண்டிருந்ததாம். முதலாளி அண்ணாச்சியின் தங்கை மகன், காலேஜில் படிக்கிற பையன், புதுசாக வேறொரு கம்பெனி ஆன்டிவைரஸ் வாங்கி வந்திருக்கிறான். பழையதை நீக்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம். கரண்ட் வந்ததும் பார்த்திருக்கிறான், புரோகிராம் பட்டியலில் பழையதன் பெயர் இல்லை. போய்விட்டது என்று நினைத்துப் புதுசைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவன்மேல் தப்பே இல்லை.

பட்டியலில் பெயர் இல்லாததால் மட்டும் ஆன்டிவைரஸ் போய்விட்டதாக அர்த்தமில்லை. சாதாரண புரோகிராம் நாம் டபுள் கிளிக் செய்தால்தான் ஓடும். ஆன்டிவைரஸ் அப்படி இல்லை. விண்டோஸின் அடிமடியில், கெர்னல் என்று சொல்லும் இடத்தில், தன்னுடைய டிரைவர்களை, அதாவது விண்டோஸோடு ஒட்டி ஓடும் சின்னப் புரோகிராம்களை, கொண்டுபோய் வைக்கும். சிஸ்டம் ஏறத் தொடங்கும்போதே அவையும் கூடவே ஏறும். விண்டோஸ் 8-லிருந்து, மற்ற டிரைவர்கள் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்காக எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறுகிற ஆன்டிவைரஸ் டிரைவர் என்றே தனியாக ஒன்று உண்டு. அதன் பிறகு எந்த ஃபைல் திறந்தாலும் அது இவர்கள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அக்காவுக்கு இதை மண்டிக் கணக்கிலேயே சொன்னேன். "வாசல்ல மூட்டையை எடை போட ஒருத்தர் நின்னா சரக்கு உள்ள போகும். ரெண்டு பேர் நின்னு, 'அவர் சீட்டைக் காட்டு, அப்புறம்தான் நான் எடை போடுவேன்'னு ஆளுக்கு ஆள் சொன்னா? வண்டி வாசல்லயே நிக்கும். அந்தப் புள்ளி சுத்துறது அதுதான்." விண்டோஸ் கூடவே வரும் டிஃபென்டர், வெளியிலிருந்து வேறொன்று வந்தால் தானாக ஒதுங்கி வழிவிடும். வெளியிலிருந்து வந்த இரண்டு ஒன்றுக்கொன்று அப்படி வழிவிடுவதில்லை.

முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் மெஷினின் சொந்த செட்டிங்ஸுக்குள், போய் ஹார்ட் டிஸ்க் பெயர் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. பாதி பயம் அங்கேயே போயிற்று. அடுத்தது சேஃப் மோட். விண்டோஸ் 7 வரை எஃப்8 அமுக்கினால் போதும். விண்டோஸ் 10-இல் அது வேலை செய்வதில்லை. புள்ளி சுற்றும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று தானாக வரும். அதில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 4-ஐ அமுக்கினேன். ஒரு நிமிஷத்தில் கறுப்பு டெஸ்க்டாப், நாலு மூலையிலும் 'சேஃப் மோட்'. அக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

சேஃப் மோடில் ஏறுகிறது, சாதாரணமாக ஏறவில்லை என்றால் விண்டோஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, கூட ஏறுகிற ஏதோ ஒன்றுதான் வழியை மறிக்கிறது. சேஃப் மோடில் விண்டோஸ் தன் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும்தான் ஏற்றும்.

வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் டேலி டேட்டா ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே அஞ்சு இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனிக் கணக்கு. மொத்தத்தையும் பென்டிரைவில் காப்பி செய்து அக்கா கையில் கொடுத்தேன். இந்த வேலையை மட்டும் எப்போதும் முதலில் செய்துவிடுங்கள். இதற்குப் பிறகு என்ன தப்பு நடந்தாலும் மனசு நடுங்காது.

பிறகு சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டர். தேதிவாரியாக அடுக்கி, சந்தேகப்படுகிற ஃபைல் ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் டீடெய்ல்ஸ் பக்கம் போய்ப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரியும். பழைய ஆன்டிவைரஸின் நாலு ஃபைல் அப்படியே இருந்தன. புதுசின் மூணு. வாசலில் ஏழு பேர்.

அந்த ஃபைல்களை அங்கேயே டெலிட் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அவற்றின் பெயர் அப்படியே இருக்கும். ஏறும்போது விண்டோஸ் தேடும், ஆள் இருக்காது, வேறொரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். கன்ட்ரோல் பேனலில் போய்ப் புதுசை நீக்கப் பார்த்தேன், முடியவில்லை. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் ஓடாது. இதற்காகவே பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனிகள் தங்களுடையதைச் சுத்தமாகத் துடைத்தெடுக்கத் தனியாக ரிமூவல் டூல் ஒன்றை இலவசமாகத் தருகின்றன. அந்தந்தக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் எடுங்கள், கண்ட இடத்திலிருந்து எடுத்தால் அதுவே வைரஸாக இருக்கலாம். என் போனில் இரண்டையும் டவுன்லோட் செய்து பென்டிரைவில் ஏற்றினேன். முதலில் புதுசு, ரீஸ்டார்ட், மறுபடி சேஃப் மோட், அப்புறம் பழையது.

ஏழே முக்காலுக்கு விண்டோஸ் சாதாரணமாக ஏறியது. பாஸ்வேர்ட் கேட்டது. அக்கா அடித்தார். ஒரு எழுத்துகூட விழவில்லை.

கேப்ஸ்லாக்கை அமுக்கினால் விளக்கு எரியவில்லை. கீபோர்டைக் கழற்றிப் பின்னால் வேறு போர்ட்டில் மாட்டினேன். இல்லை. கல்லாப் பக்கத்து சிஸ்டத்தின் கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டினேன். அதுவும் இல்லை. பயாஸுக்குள் போனால் இரண்டு கீபோர்டும் நன்றாக வேலை செய்தன. அங்கேதான் பொறி தட்டியது. சில ஆன்டிவைரஸ்கள், நீங்கள் அடிக்கிற பாஸ்வேர்டை வேறு புரோகிராம் திருடாமல் இருக்க, கீபோர்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு டிரைவரை நிறுத்தும். ரிமூவல் டூல் அந்த ஃபைலை நீக்கிவிட்டது, ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயரை விட்டுவிட்டது. இல்லாத ஆளிடம் சீட்டு வாங்கி வரச் சொல்லி நிற்கிறது கீபோர்டு.

லாகின் திரையில் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் படம் இருக்கும், அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு உண்டு. மவுஸால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளிக் செய்து பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல், அதற்குள் கிளாஸ், அதில் கீபோர்டுக்கு உரிய நீள எண். திறந்தால் 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்ற வரியில் இரண்டு பெயர். ஒன்று 'கேபிடிகிளாஸ்', அது விண்டோஸுடையது, அதில் கை வைக்கவே கூடாது. இன்னொன்று போய்ச் சேர்ந்த அந்தப் பழைய ஆன்டிவைரஸ் டிரைவர். அந்தப் பக்கத்தை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, இரண்டாவது பெயரை மட்டும் அழித்தேன். ரீஸ்டார்ட். கேப்ஸ்லாக் விளக்கு எரிந்தது. அந்தச் சின்னப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம் நம்ம ஊர் மண்டியில் மட்டும் நடப்பதில்லை. 2010 ஏப்ரல் 21-இல் மெக்கஃபி என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி அனுப்பிய 5958 எண் கொண்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் விண்டோஸின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்தது. சிஸ்டங்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க்கும் போயிற்று. 2024 ஜூலை 19 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஒரே ஒரு அப்டேட் ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சொன்ன வைத்தியம் என்ன? சேஃப் மோடில் போ, சி-00000291 என்று தொடங்கும் அந்த ஃபைலை அழி, ரீஸ்டார்ட் செய். அங்கே ஃபைலை அழிக்கச் சொன்னது அதைச் செய்த கம்பெனியே என்பதால் பயமில்லை. அத்தனை பெரிய நாசத்துக்கும் யாரும் ஃபார்மேட் அடிக்கச் சொல்லவில்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்லவேண்டும். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். சேஃப் மோடுக்குப் போகப் பார்த்தால் பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். சிஸ்டம் நன்றாக இருக்கும்போதே, இன்றைக்கே, அதை எடுத்து ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை என்னாலும் எடுக்க முடியாது, யாராலும் முடியாது.

சேஃப் மோடிலும் ஏறாவிட்டால் முன்பு சொன்ன ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியலில் 8 இருக்கிறது, முன்னால் ஏறும் அந்த ஆன்டிவைரஸ் பாதுகாப்பை ஒரே ஒரு தடவைக்கு நிறுத்திவைக்கும். சில சமயம் அது கை கொடுக்கும்.

அக்கா எட்டரைக்கு டேலியைத் திறந்தார். அன்றைக்குக் காலை போடாமல் விட்ட பில்களைப் போட்டுவிட்டுப் பத்து மணிக்குள் த்ரீபியை ஃபைல் பண்ணிவிட்டார். டிஃபென்டர் ஓடுகிறதா என்று பார்த்தேன், தானாகவே ஆன் ஆகியிருந்தது. "அந்தப் புது ஆன்டிவைரஸ் காசு குடுத்து வாங்கினதுப்பா, திருப்பிப் போடணுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். "போடலாம் அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு இருந்தா தப்பில்ல. ஆனா மொதல்ல யூபிஎஸ்ஸுக்கு பேட்டரி வாங்குங்க. போடுறதை காலையில போடுங்க, போட்ட உடனே ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. கடை அடைக்கிற நேரத்துல வேண்டாம்" என்றேன்.

மறுவாரம் பேட்டரி மாட்டப் போனபோது அந்தப் பையனும் இருந்தான். டிரைவர்ஸ் ஃபோல்டரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். கல்லாப் பக்கத்து சிஸ்டத்தில் அவனையே உட்காரவைத்துக் காட்டினேன். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவன் நிமிர்ந்து, "அண்ணே, இதுலயும் பழசு ரெண்டு ஃபைல் கிடக்கு" என்றான்.