நீலக்கோடு போட்ட சேர்ட்

இன்று கிளிநொச்சியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் இருந்த அம்மா மடியில் ஒரு படம் வைத்திருந்தார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார். 2009 மே, போர் முடிந்த நாட்கள். முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தில் பிள்ளையை இராணுவத்திடம் ஒப்படைத்தாராம்.

"நானே கையிலை பிடிச்சுக் குடுத்தனான் தம்பி. நீலக்கோடு போட்ட சேர்ட்."

சேர்ட்டின் நிறத்தை இரண்டு தடவை சொன்னார்.

இங்கே, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் இந்தத் தாய்மார் வீதியோரம் போராடத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20. ஆணைக்குழு, அலுவலகம் என்று எல்லா இடமும் சொல்லியாயிற்று. பலர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள். அவர்களோடு அந்தச் சேர்ட்டுகளின் நிறமும் போய்விட்டது.

"பழைய கதை" என்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளை எங்கே என்று தெரியாத வீட்டில் அது எப்படிப் பழசாகும்?

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அம்மா இன்னும் சொல்லி முடிக்கவில்லை.