யார் சொல்லும் ஆலோசனை?

நாமக்கல், பல்லடம் வட்டாரங்களின் கோழிப் பண்ணையாளர்களுக்கு ஆலோசனைப் பஞ்சம் ஒருபோதும் இருந்ததில்லை. சொல்பவருக்கு அதனால் என்ன ஆதாயம் என்பதையே அவர்கள் முதலில் எடை போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணையாளர்களிடம் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மதிப்பு உண்டு. வானிலைக் கணிப்போடு அக்கல்லூரி வெளியிடும் பரிந்துரைகள் நாளிதழ்களில் வருகின்றன. இறந்த கோழிகளைப் பரிசோதித்ததில் வெப்ப அயற்சியே காரணம் எனத் தெரியவந்தால் அதுவும் கூடவே வரும். ஆனால் சொந்தமாக மருத்துவரை வைத்துக்கொள்ளக்கூடிய பெரிய பண்ணைக்காரர் அறிவுரையைவிட ஆய்வக முடிவையே தேடுகிறார். தீவன மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுப்பவருக்கு விற்க மருந்து எதுவும் இல்லை அல்லவா?

பல்லடத்துக் கறிக்கோழி வளர்ப்பில் நிலைமை வேறு. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை வளர்ப்பு ஒப்பந்தம் செய்யும் நிறுவனத்தைச் சேர்ந்தவை. கொட்டகை, மின்சாரம், தரையில் பரப்பும் தென்னை நார்க்கழிவு, உழைப்பு ஆகியவை மட்டுமே வளர்ப்பவரைச் சேர்ந்தவை. ஆலோசனை சொல்ல வரும் நிறுவனத்தின் சூப்பர்வைசர்தான் தீவனக் கணக்கையும் இறப்பையும் எடையையும் குறித்துக்கொள்கிறார். வளர்ப்புக்கூலி அந்தக் கணக்கைப் பொறுத்தே அமையும். ஆகவே குஞ்சு வந்தபோதே நலிந்திருந்ததா, தம் பராமரிப்பில்தான் குறையா என்ற கேள்வியை அவரிடம் மனம்விட்டுக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். அரசு மருத்துவரிடம் கேட்கலாம்தான்; ஆனால் அவர் எழுதித் தரும் மருந்தை நிறுவனத்தின் கோழிக்குக் கொடுக்கும் உரிமை வளர்ப்பவருக்கு இல்லை.

அதிகம் யோசிக்க வேண்டியது புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்களைப் பற்றி. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்னும் கோழி நோய் வந்தால் தெருவே காலியாகும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்நடை பராமரிப்புத் துறை இலவசத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது; இருந்தும் மருத்துவர் வந்து சேரும் நேரத்தில் கோழிகள் பஞ்சாரத்திலிருந்து மேயப் போயிருக்கும், அவற்றைப் பிடித்துத் தரவேண்டிய பெண்களும் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். தாமே வாங்கிப் போடலாம் என்றாலோ, தடுப்பூசிக் குப்பி நூறு கோழிகளையோ அதற்கு மேற்பட்டவற்றையோ கணக்கிட்டு அடைக்கப்பட்டது. ஒருமுறை கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்; பத்துக் கோழி வைத்திருப்பவர் மீதியை என்ன செய்வார்? அதுவரை அதைக் குளிரில் வைத்திருக்கவும் வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்நோய்க்குத் தீனியாகவே கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. கோழியைத் துரத்திப் பிடிக்கும் சிரமத்தை உணர்ந்து செய்த வேலை அது. அதே அக்கறையோடு, தெருவில் ஒரு பெண்ணுக்குக் கோழிகளுக்குத் தடுப்பு மருந்தைச் சொட்டாக விடப் பயிற்சி அளித்து, கோழிகள் அடைந்த பிறகு வீடு வீடாகச் சென்று போடுவதற்குச் சிறு கூலியும் கொடுத்தால் ஒரே குப்பி அத்தெரு முழுவதற்கும் போதும்.