ஒரு சரியும் ஒரு புள்ளியும்

போன வாரம் அக்கா வாட்ஸப்பில், "ஞாயித்துக்கிழமை வர முடியாதுடா, வீட்டுக்கு ஆள் வராங்க" என்று அனுப்பியிருந்தாள். மாம்பலத்தில் ஏறிய கூட்டத்துக்கு நடுவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் "சரி." என்று தட்டிவிட்டேன். அவ்வளவுதான், இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அம்மா போனில், "அவகிட்ட என்னடா கோபம், மொட்டையா சரின்னு போட்டியாமே" என்கிறாள். அந்த முற்றுப்புள்ளிதான் வினை. அதை நான் வைக்கக்கூட இல்லை, இடைவெளிப் பட்டனை இரண்டு தடவை தட்டினால் போனே வைத்துவிடுகிறது.

வாயால் சொல்லும்போது சரிக்கு எத்தனை ராகம்! இழுத்தால் ஒன்று, வெட்டினால் ஒன்று, 'சரி விடு' என்றால் விடவில்லை என்று அர்த்தம். எழுதினால் இரண்டே எழுத்து. மீதியைப் படிக்கிறவர் தன் மனநிலையிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

புள்ளி என்றதும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகமும் ஓலைச்சுவடிகளும்தான் எனக்கு நினைவுக்கு வரும். சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வதுண்டு. எகர, ஒகரத்தில் குறில் நெடில் வித்தியாசமும் கிடையாது, ஆக 'கொல' என்று இருந்தால் அது கொல், கோல், கொல, கோல எதுவாகவும் இருக்கலாம், போதாததற்குத் துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இப்போது நாம் எழுதும் கே, கோவின் சுழிக்கொம்பே 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செய்த ஏற்பாடு என்பார்கள். இப்படிப்பட்ட ஓலைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, பல பிரதிகளை ஒப்பிட்டு, உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். எதுகை, மோனை, யாப்பு எல்லாம் கைகொடுத்திருக்கும், சீர் இடித்தால் எழுத்து தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். என் "சரி"க்கு ஏது யாப்பு?

இத்தனைக்கும் நாங்கள் கடிதம் எழுதி வளர்ந்த குடும்பம். அக்கா ஹாஸ்டலிலிருந்து இன்லாண்டு லெட்டர் போடுவாள், இடம் தீர்ந்ததும் ஒட்டுகிற மடிப்பில், ஓரத்தில், குறுக்கே என்று எழுதித் தள்ளுவாள். எழுத்து சாய்ந்திருந்தால் அவசரம், அடித்துத் திருத்தியிருந்தால் ஏதோ மறைக்கிறாள் என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். இப்போது எல்லாருக்கும் ஒரே கையெழுத்து, அம்மாவுக்கும் வேலையில்லை.

சரி, சமாதானம் பண்ணலாம் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்து அக்காவுக்கு எட்டு வரியில் விளக்கம் எழுதினேன், கூட்டம், கம்பி, பட்டன் எல்லாம் சேர்த்து. நீல டிக் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பதிலும் வந்தது:

"ம்"

புள்ளியெல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறாள். போன் போட்டேன், எடுக்கவில்லை.