உள்ளே யாரு, அய்யாவா அம்மாவா?

கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. 22 வருஷம் ஆயிற்று. மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஸ்டூல் மட்டும் அதேதான். மனு அடிக்க வருகிறவர்கள் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் சொல்லி முடித்ததும், நீதிபதி ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “உள்ளே யாரு, அய்யாவா அம்மாவா?”

அம்மா என்றால் சில ஆண்களுக்கு முகம் தொங்கிவிடும். பெண்களுக்கு உடனே நிம்மதி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முன்பு இங்கே இருந்த ஒரு அம்மா, யாராவது அழுதால் “வெளியே போய் அழுதுட்டு வாங்க” என்பார்.

போன வருஷம் ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டு வந்தாள். மாசம் 10,000 என்று அடித்துக் கொடுத்தேன். நடுவில் நீதிபதி மாறினார், ஓர் அம்மா வந்தார். கடைசியில் 6,000 என்று ஆர்டர் ஆயிற்று. அப்பீல் போகலாமே என்றேன். வேண்டாமாம்.

“ஸ்கூல் வேனுக்கு எவ்வளவு, சிலிண்டர் எத்தனை நாள் வருது, எல்லாம் கேட்டாங்கக்கா. முன்னே இருந்தவரு என் முகத்தைக்கூடப் பார்க்கலை. அனுசரிச்சுப் போம்மான்னு வாய்தா போட்டுட்டாரு.”

ஆர்டர் காப்பியை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். 4,000 குறைந்தது உறுத்தாமலா இருக்கும்? ஆனாலும் தன் கணக்கைப் பார்த்துத்தான் குறைத்தார்கள் என்று நம்பினாள்.

சிலிண்டர் கணக்கு ஆண்களுக்குத் தெரியாதா என்றால், தெரிந்தவர்களும் உண்டு. 2020-ல் மத்தியப் பிரதேச ஐகோர்ட், மானபங்க வழக்கில் ஜாமீன் கேட்டவனை அந்தப் பெண்ணிடமே போய் ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்னது. அடுத்த வருஷம் அதை ரத்து செய்த சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் இருவரும் ஆண்கள்தான். ஆனால் இது தப்பு என்று அங்கே போய் நின்றவர்கள் ஒன்பது பெண் வக்கீல்கள்.

அந்த சுப்ரீம் கோர்ட் 1950-ல் வந்தது. முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி, 1989-ல். (அப்புறம் நமக்குக் கவர்னராக வந்தாரே, அவரேதான்.) 2021 ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றார்கள். அவர்களையும் சேர்த்தே அதுவரை மொத்தம் 11 பேர். அந்த மூவரில் நாகரத்னா, சீனியாரிட்டிப்படி போனால், 2027-ல் முதல் பெண் தலைமை நீதிபதி ஆவார். 36 நாளைக்கு.

எங்கள் கோர்ட்டில் சில கேஸுக்கு அடுத்த வாய்தாவே அதற்கு அப்புறம்தான் வரும்.