மானிட்டர் வாங்குறதுக்கு முன்னாடி

மே 12, திங்கள்

காரைக்குடி பக்கத்துல எங்க டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு இசிஜி மானிட்டர் (இதயத் துடிப்பை அலையா ஸ்க்ரீன்ல காட்டி, கோளாறுன்னா அலாரம் அடிக்கிற மிஷின்) வாங்கணும், ரெண்டு கம்பெனிக்காரங்க டெமோ மிஷின் வச்சுட்டுப் போயிருக்காங்க. ரெண்டு பேருமே கூட வந்த பையனுக்கு ஒட்டிக் காட்டுனாங்க, நல்லா இருக்குற பையனுக்கு எந்த மிஷின்லதான் அலை அழகா வராது? இங்க வர்றது பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் அவ்ளோ பெரிய வீட்டுல ஒத்தையா இருக்குற ஆச்சிமாருங்க. ராத்திரி டூட்டிக்கு ஒரே சிஸ்டர்தான், மிஷின் கத்துனாத்தான் உண்டு. அதனால நோயாளியோட இதயத் துடிப்பு மாதிரியே சிக்னல் குடுக்குற சிமுலேட்டரை மதுரையில வாடகைக்குச் சொல்லியாச்சு.

மே 14, புதன்

சிமுலேட்டர் வந்துருச்சு. கையடக்க டப்பா, சிவப்பு மஞ்சள் பச்சை கறுப்பு லீடை அதுல மாட்டிட்டா நாம கேக்குற துடிப்பைக் குடுக்கும். 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம், பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சுப் பாத்தோம், ரெண்டும் சரி. அப்புறம் டி அலையை, அதாவது ஒவ்வொரு துடிப்போட பெரிய கூருக்கும் அப்புறம் வர்ற சின்ன மேட்டை, உசரமா வச்சதும் ரெண்டாவது மிஷின் நிமிஷத்துக்கு 80 துடிப்பை 160ன்னு காட்டுது! ஒரே துடிப்பை ரெண்டா எண்ணுது. கிட்னி பேஷண்டுக்குப் பொட்டாசியம் ஏறுனா டி அலை இப்படித்தான் கூரா நிக்கும், அந்த நேரத்துல தப்பு நம்பர் வந்தா என்ன ஆகும்னு டாக்டர் ரொம்ப நேரம் அதையே பேசிட்டு இருந்தாரு.

மே 15, வியாழன்

இன்னைக்குத்தான் முக்கியமான டெஸ்ட். பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்க வைக்க உள்ள வைக்கிற கருவி) அடிக்குது ஆனா இதயம் துடிக்கல, அந்த மாதிரி சிக்னல் போட்டோம், ஸ்க்ரீன்ல குச்சி குச்சியா கோடு மட்டும் ஓடுது. சிஸ்டர் போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டாங்க. இதயம் நின்னா 10 செகண்டுக்குள்ள அலாரம் அடிக்கணும், இசிஜி மானிட்டருக்கான சர்வதேச ஸ்டாண்டர்ட் ஐஇசி 60601-2-27 கேக்குறதே அதுதான். முதல் மிஷின் கத்திருச்சு. ரெண்டாவது அந்தக் குச்சியைத் துடிப்புன்னு எண்ணிக்கிட்டு 75ன்னு பச்சையா காட்டிட்டே இருக்கு, பேஸ்மேக்கர் குச்சியை எண்ணாம விடுற செட்டிங் ஆன்லதான் இருந்துச்சு. சேல்ஸ் தம்பிகிட்ட காட்டுனேன், "அண்ணே இப்படி யாரும் டெஸ்ட் பண்ணிக் கேட்டதில்லண்ணே"ன்னாரு. எல்லாரும் கேக்கணும் தம்பி.

மே 17, சனி

ஃபில்டர் பாத்தோம். மானிட்டர் மோடுல 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற மெதுவான அசைவை வெட்டுறதால கோடு ஆடாம நிக்கும், ஆனா எஸ்டி பகுதி (பெரிய கூருக்கும் டி அலைக்கும் நடுவுல வர்ற கோடு, மாரடைப்புக்குப் பாக்குற இடம்) மாறித் தெரியலாம், மாரடைப்பு சந்தேகம்னா டயக்னாஸ்டிக் மோடு போட்டு 0.05 ஹெர்ட்ஸ்ல இருந்து பாக்கணும்னு சிஸ்டருங்களுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. ரெண்டாவது மிஷினைத் திருப்பி அனுப்பியாச்சு. முதல் கம்பெனிக்கு, டெலிவரி ஆகுற ஒவ்வொரு பீஸையும் இதே டெஸ்ட் பண்ணித்தான் பணம் குடுப்போம்னு ஆர்டர்லயே எழுதச் சொல்லிருக்கோம்.