முன்னாள் பராமரிப்பாளர்கள்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3

எங்கள் திறமூல மென்பொருளின் ரெப்போவில் (நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியம்) யார் யாருக்கு உரிமை என்ற பட்டியலைத் திறந்தேன். பெயரைப் பார்த்ததுமே அவரவர் எழுதிய ஃபங்ஷன்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆட்களைத்தான் காணோம். பார்சர் (உள்ளீட்டைப் பிரித்துப் படிக்கும் பகுதி) எழுதியவர் இன்னும் அட்மின்.

மார்ச் 4

கமிட் உரிமை, அதாவது ரெப்போவில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை, பற்றி எல்லோருக்கும் மடல் போட்டாயிற்று. "கமிட் உரிமை இன்னும் தேவையா? எடுத்துவிட்டாலும் உங்கள் பெயர் முன்னாள் பராமரிப்பாளர்கள் பட்டியலில் இருக்கும். திரும்பி வந்தால் கேட்டாலே போதும்." வெளியே போங்கள் என்ற தொனி ஒரு சொல்லிலும் வந்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பத் திருத்தினேன்.

மார்ச் 6

சிலர் உடனே, எடுத்துவிடுங்கள், நிம்மதி என்றார்கள். ஒருவருக்குக் கோபம். பார்சர்காரரிடமிருந்து ஒன்றுமில்லை.

மார்ச் 9

கோபப்பட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் கமிட் செய்து வெகுகாலம் ஆகிறது, உண்மைதான். ஆனால் பாதுகாப்புக் குறைபாடு பற்றி வரும் ஒவ்வொரு மடலையும் முதலில் படிப்பவர் அவர். கமிட்கள் பதிவாகும் கிட் லாகில் அதற்குத் தடயமே கிடையாது. மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர்கள், புதியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் செயலற்றவர்கள் ஆகிவிடுவார்கள். குபெர்னெட்டிஸ் என்ற திறமூலத் திட்டத்தில் 12 மாதம் பங்களிப்பு இல்லையென்றால் உறுப்பினர் செயலற்றவர். அவ்வளவு பெரிய திட்டத்துக்கு எண் இல்லாமல் முடியாது. நாங்கள் சிறிய கூட்டம், ஆளைக் கேட்டே முடிவு செய்யலாம். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தில் நெடுநாள் சும்மா இருப்பவரின் கமிட் உரிமையைப் பத்திரமாக வைத்திருப்பதற்காக வாங்கிக்கொள்வதாகச் சொல்வார்கள். மடலில் அப்படி எழுதியிருக்கலாம்.

கோபப்பட்டவருக்கு உரிமை இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன்.

மார்ச் 10

பார்சர்காரரின் கடைசி கமிட் செய்தி: "மீதியை அடுத்த வாரம் முடிக்கிறேன்."

மார்ச் 13

அவருக்குப் போட்ட மடல் திரும்பி வந்துவிட்டது. அவர் மின்னஞ்சல் முகவரியின் டொமைன் காலாவதி. தேடிப் பார்த்தேன், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அவருக்கே போகும். 2022-இல் பைதான் தொகுப்புகள் கிடைக்கும் பைபிஐ தளத்தின் சிடிஎக்ஸ் தொகுப்புக்கு நடந்தது இதுதான். காலாவதியான டொமைனை எவரோ பதிவு செய்து, கணக்கைப் பிடித்து, ரகசியச் சாவிகள் இருக்கக்கூடிய என்விரான்மென்ட் மாறிகளைத் திருடும் பதிப்பை ஏற்றினார்கள். 2025-இலிருந்து பைபிஐ அப்படிப்பட்ட டொமைன்களைக் கவனித்து, அந்த முகவரிகளைச் சரிபார்க்கப்படாதவை ஆக்கிவிடுகிறது. கொஞ்சம் ஆறுதல். ஆனால் ரெப்போவில் இருக்கும் அவர் கணக்கு?

அடுத்த கூட்டம் வரை பொறுக்கலாம் என்கிறார் ஒருவர். கூடவே எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளை இழுக்கிறார். 2024-இல் அங்கே பின்கதவு வைக்கப்பட்ட கதை வேறு. களைத்துப்போன பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் புதிதாக வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்தார். எங்களிடம் இருப்பது ஆள் இல்லாத கணக்கு. பொறுக்க முடியாது.

மார்ச் 14

பார்சர்காரரின் உரிமையை எடுத்துவிட்டேன். மனசு சரியில்லை.

மார்ச் 15

எடுத்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் டெப்ளாய் சாவிகளை, அதாவது சர்வர்கள் ரெப்போவுக்குள் நுழையும் சாவிகளை, பார்க்க வேண்டும். எங்கள் ரெப்போ இருக்கும் கிட்ஹப்பில் அவை ஆளோடு ஒட்டியவை அல்ல. உருவாக்கியவரை நீக்கினாலும் சாவி உயிரோடு இருக்கும். அவர் போட்டது ஒன்று இன்று வரை எழுதும் உரிமையோடு இருந்தது. அழித்தேன். நிரலைத் தானாகச் சோதிக்கும் சிஐயில் இருக்கும் டோக்கன்களையும் (நுழைவுச் சாவிகள்) மாற்ற வேண்டும். எந்த அடைவின் மாற்றத்தை யார் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் பார்சர் அடைவுக்கு அவர் பெயர் மட்டும்தான். எழுதும் உரிமை போனதும் அந்த வரி செல்லாது, ஆக பார்சருக்கு இப்போது காவலே இல்லை. யாரைப் போடுவது? அந்த நிரல் முழுசாகப் புரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மார்ச் 17

நன்றாக இருக்கிறாரா? அதைக்கூட யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மார்ச் 18

அவருடைய பொதுச் சாவியையும் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை). மறுத்துவிட்டேன். பழைய வெளியீடுகளில் இருப்பது அவர் கையொப்பம். சாவியை எடுத்தால் அவற்றை எதை வைத்துச் சரிபார்ப்பது?

மார்ச் 20

பைபிஐயில் பார்சர் தனித் தொகுப்பு. உரிமையாளர் அவர் மட்டும். அங்கே எங்களால் அவரை நீக்கவும் முடியாது, இன்னொருவரைச் சேர்க்கவும் முடியாது. கைவிடப்பட்ட தொகுப்புகளைக் கைமாற்றுவதற்கான விதியான பெப் 541 வழியாகத்தான் கேட்க வேண்டும். உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயன்று பலிக்கவில்லை என்று காட்ட வேண்டும். திரும்பி வந்த மடலையும் இணைக்கிறேன்.

மார்ச் 21

விண்ணப்பம் போயிற்று. பதில் வரும் வரை பார்சரைப் பழைய பதிப்பிலேயே, கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யும் ஹாஷ் சரிபார்ப்போடு, பூட்டி வைத்திருக்கிறோம்.