அலை அடித்த சுவர்

6063 என்ற அலுமினியக் கலவையில் ‘ப’ வடிவச் சட்டம் ஒன்று. அடி 4 மி.மீ., இரு பக்கச் சுவர்களும் 1.5 மி.மீ. பார்த்தால் எளிமையான வடிவம்தான். ஆனாலும் டை, அதாவது சூடான அலுமினியத்தைத் துளை வழியே தள்ளி வடிவம் கொடுக்கும் எஃகு அச்சு, வழிக்கு வர மூன்று ஓட்டங்கள் ஆயின.

பில்லெட் எனப்படும் அலுமினிய உருளையை 460 டிகிரி செல்சியசுக்கும் டையை 450க்கும் சூடாக்கி முதல் ஓட்டம். அடி நேராக வந்தது, சுவர்கள் நாடா போல நெளிந்தன. சட்டத்தை இழுத்து நேராக்கும் ஸ்ட்ரெச்சரில் இழுத்தும் நெளிவு போகவில்லை. மெல்லிய சுவருக்கு உலோகம் போதவில்லை என்று நினைத்து, அங்கே பேரிங்கைக் குறைத்தேன். டையின் துளைக்குள் உலோகம் உரசிக்கொண்டு போகும் பரப்புதான் பேரிங். அது நீண்டால் ஓட்டம் தணியும், குறைந்தால் வேகம் கூடும். இரண்டாவது ஓட்டத்தில் நெளிவு இன்னும் மோசம்.

“மூக்குத் துண்டு எங்கே?” என்று எங்கள் மூத்த டை திருத்துநர் கேட்டார். டையை விட்டு முதலில் வெளிவரும் நுனி அது. கழிவுக் குவியலில் தேடி எடுத்தேன். இரண்டு சுவர்களும் கொம்பு போல முன்னால் நீண்டிருந்தன, அடி பின்தங்கியிருந்தது. அப்போதுதான் புரிந்தது: வேகமாக வரும் பகுதியை மெதுவான பகுதி பிடித்து வைக்கிறது, போக வழியில்லாமல் அது மடிகிறது. சுவரில் குறை எதுவும் இல்லை. அங்கே ஓட்டம் மிகுதி.

அரம் தின்ற எஃகு திரும்ப வராது; சுவரில் குறைத்த பேரிங்கை இனி நீட்ட முடியாது. சுவரைத் தணிப்பதை விட்டு, அடியை வேகப்படுத்த முடிவு செய்தோம். அடிப்பகுதியின் பேரிங்கை வெளியேறும் பக்கமிருந்து 7 மி.மீ.யிலிருந்து 5 ஆகக் குறைத்து, மெருகேற்றி மீண்டும் ஏற்றினோம். டையின் சூடு நிலைபெறாததால் முதல் பில்லெட்டை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. மூன்றாவது பில்லெட்டில் சுவர்கள் நேராக வந்தன.

சரி, இனி தொடர்ந்து ஓட்டலாம் என்றால் இன்னொன்று பாக்கி. டைக்கு முன்னால் இருந்து உலோகத்தைத் துளைக்கு அனுப்பும் ஃபீடர் பிளேட்டில் தங்கிய பழைய உலோகத்தோடு புதிய பில்லெட் ஒட்டித்தான் வெளியே வருகிறது. அந்த ஒட்டு வலுக் குறைந்த இடம். நாங்கள், பில்லெட் மாற்றப் பிரஸ் நிற்கும்போது சட்டத்தில் விழும் குறியை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தோம். குறிக்குப் பிறகு வரிசையாகத் துண்டுகள் அறுத்து, ஒட்டு தெரிவதற்காகக் காஸ்டிக் சோடா கரைசலில் போட்டேன். துண்டுக்குத் துண்டு இடம் மாறியபடி, நாக்கு வடிவ ஒட்டுக்கோடு குறியைத் தாண்டி வெகுதூரம் ஓடியிருந்தது. கோடு முழுதாக மறைந்த துண்டு வரை அளந்து, அதுவரை வெட்டி நீக்கச் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு ஓட்டத்தின் மூக்குத் துண்டிலும் டை எண்ணை எழுதி, பேரிங் அளவுத் தாளோடு சேர்த்து வைக்கிறேன்.